மாடத்தியின் மனு

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்கள், எனக்கு வெயில் ஆகாது. மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். நல்லதாகப் போயிற்று. ஃபோனைத் தடவிக்கொண்டே வருகிற ஆள் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குத் தலைவலி வந்துவிடும். நீங்கள் அப்படி இல்லை, பார்த்தாலே தெரிகிறது.

முன்னால் மூன்றாவது வரிசையில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி இருக்கிறாளே, ஊதாச் சேலை, அவள் என்னோடு வந்தவள். பெயர் மாடத்தி. என் வீட்டில் இரண்டு வருஷமாக வேலை செய்கிறாள். சேலை என்னுடையது, ஒரே ஒரு தடவை கட்டியது. பொது விசாரணைக்குப் போகிறவள் கசங்கின சேலையில் போய் நின்றால் யார் மதிப்பார்கள்? பிள்ளை பெயர் தன்ஷிகா. அர்த்தம் என்ன என்று கேட்டேன். தெரியாதுக்கா, நல்லா இருந்துச்சு என்றாள். அதை விடுங்கள்.

என்ன விசாரணை என்றா கேட்டீர்கள்? கேட்கவில்லையா? பரவாயில்லை, சொல்கிறேன். நீங்களும் ஒரு பொம்பளை, தெரிந்திருக்க வேண்டும்.

இவளுக்குப் பிள்ளை பிறந்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். எந்த ஆஸ்பத்திரி என்று நான் சொல்லக் கூடாது, விஷயம் விசாரணையில் இருக்கிறது. பிரசவம் ஆன கையோடு, இவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கருத்தடைக்கு வைக்கிற காப்பர்டியை உள்ளே வைத்து அனுப்பிவிட்டார்கள். இவளுக்குத் தெரியாது. ஒன்றரை மாதம் கழித்து ஊருக்கு வருகிற நர்ஸம்மா இவள் பிரசவ அட்டையைப் பார்த்துவிட்டு, காப்பர்டி போட்டிருக்கே, நூல் சரியா இருக்கான்னு பாத்தியா என்று கேட்டிருக்கிறாள். இவள், எந்த நூல் என்று கேட்டிருக்கிறாள். அப்படித்தான் தெரிந்தது. தன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை அட்டையைப் பார்த்து அடுத்தவள் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதைவிடக் கொடுமை, அந்த நேரம் பார்த்து மாமியார்க்காரி பக்கத்தில் நின்றிருக்கிறாள். மாடத்தியின் புருஷன் சுடலைமுத்து கொல்லத்தில் பரோட்டா மாஸ்டர். பிள்ளை பிறந்தபோது வந்து பார்த்துவிட்டுப் போனவன்தான். பொங்கலுக்குக்கூட வரவில்லை, சபரிமலை சீசன், முதலாளி விடவில்லை. அவனுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டாள் தாய்க்காரி. ஒம் பொண்டாட்டி நீ ஊர்ல இல்லாதப்ப காப்பர்டி போட்டுட்டு வந்திருக்கா, எதுக்குன்னு கேளு. முடிந்தது. அவன் கேட்டான். கேட்டான் என்றால், எப்படிக் கேட்டிருப்பான் என்று உங்களுக்கே தெரியும்.

இவள் என்ன சொன்னாலும் அவன் நம்பவில்லை. இதற்கிடையில் உடம்பு வேறு படுத்துகிறது. மாதத்தில் பாதி நாள் ரத்தம் நிற்பதில்லை. வீட்டைப் பெருக்கிக்கொண்டே வருவாள், ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். நான் உடனே சொல்லிவிட்டேன், இனிமேல் நீ குனிந்து துடைக்க வேண்டாம், பாத்திரம் மட்டும் போதும் என்று. அந்த வாரம் பார்த்து புனேயிலிருந்து என் பெரிய மகள் மாப்பிள்ளையோடு வந்துவிட்டாள். அவர்கள் இருந்த மூன்று வாரமும் துடைக்காமல் எப்படி விடுவது? அதற்கப்புறம் விட்டுவிட்டோம். ஒரு வாரம் போல.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று தரம் போயிருக்கிறாள். முதல் தரம், ஆறு மாசம் போட்டும், பழகிரும் என்று அனுப்பினார்கள். இரண்டாவது தரம், புருஷனைக் கூட்டிட்டு வா, அவர் கையெழுத்து வேணும் என்றார்கள். மூன்றாவது தரம் டாக்டர் லீவு. சட்டத்தில் அப்படிக் கையெழுத்தெல்லாம் ஒன்றும் கிடையாதாம், எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் பெண் சொன்னாள். ஆனால் சட்டத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த மேஜையில் வைப்பது யார்? இவள் புருஷனுக்கு ஃபோன் போட்டிருக்கிறாள். அவன் என்ன சொன்னான் தெரியுமா? போட்டப்ப எங்கிட்ட கேட்டியா, எடுக்கதுக்கு மட்டும் நான் வேணுமாக்கும் என்றானாம். கடைசியாக ஒன்று சொல்லிவிட்டான். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வருவேன், அதுக்குள்ள அது போயிருக்கணும், இல்லேன்னா பிள்ளையத் தூக்கிட்டு ஒங்க அம்மை வீட்டுக்குப் போயிரு, நான் கொல்லத்துலயே இருந்துக்கிடுதேன்.

உத்திரம் வெள்ளிக்கிழமை. இன்றைக்குப் புதன். ஆமாம், நாளை மறுநாள்தான்.

இருங்கள், இருங்கள். அதற்குள் முகத்தைச் சுளிக்காதீர்கள். நான் சும்மா இருந்தேன் என்று நினைத்தீர்களா?

ஜனவரியில் ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். அக்கா, ஒங்களுக்கு இங்கிலீசு தெரியும்லா, ஒரு தாள்ல எழுதிக் குடுங்களேன், இங்கிலீசுல எழுதியிருந்தா பயந்துக்கிட்டு எடுத்துவிட்ருவாங்க. இவ்வளவுதான் கேட்டாள். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பெருமை. நான் பாளையங்கோட்டையில் கான்வென்டில் படித்தவள். சிஸ்டர் பெனடிக்டா எங்களுக்கு லெட்டர் எழுதக் கற்றுக்கொடுத்த மாதிரி இன்றைக்கு யார் கற்றுக்கொடுக்கிறார்கள்? மார்ஜின் ஒரு நூல் கோணினால் கையில் ஸ்கேல் விழும். உட்கார்ந்து எழுதினேன். நாலு வரி. எழுதிவிட்டுப் பார்த்தால் எனக்கே திருப்தி இல்லை. இவ்வளவு பெரிய அநியாயத்துக்கு நாலு வரியா?

அப்போதுதான் பழைய மாணவியர் சங்கக் கூட்டம் வந்தது. வழக்கமாக லெமன் ரைஸ் சாப்பிட்டு, யார் யாருக்கு முட்டி வலி என்று பேசிவிட்டுக் கலைவோம். அந்தத் தரம் இலக்கியா என்று ஒரு வக்கீல் பெண்ணைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பெண்ணின் உடம்பு பெண்ணுடையது, அதில் முடிவு எடுக்க வேறு யாருக்கும் அதிகாரம் இல்லை என்று அரை மணி நேரம் பேசினாள். மதுரையில் பொது விசாரணை நடத்தப் போகிறோம், கேட்காமல் காப்பர்டி வைக்கப்பட்ட பெண்கள், கேட்காமல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யப்பட்ட பெண்கள், யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள் என்றாள். எல்லோரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். நான் எழுந்து, என்னிடம் ஒன்று இருக்கிறது என்றேன்.

அந்தக் கூட்டத்தில் என்னை எல்லோரும் திரும்பிப் பார்த்தது முப்பத்தைந்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் நாலு வரி நாலு பக்கம் ஆயிற்று. இதோ இந்த ஃபைலில்தான் இருக்கிறது. விசாரணைக் குழு வேண்டும், ஆஸ்பத்திரி மன்னிப்புக் கேட்க வேண்டும், மாநிலம் முழுக்க ஒரு சுற்றறிக்கை போக வேண்டும், பிரசவ வார்டில் தமிழில் போர்டு வைக்க வேண்டும், எல்லாம் கேட்டிருக்கிறேன். படித்துப் பாருங்கள், ஒரு கமா தப்பு இருக்காது. என்னது? இவளுக்கு அதை எடுத்துவிட வேண்டும் என்று எங்கே இருக்கிறது என்றா? அது இதில் இல்லை. அது சின்ன விஷயம் இல்லையா? மனு என்று எழுதினால் கோரிக்கை பெரிதாக இருக்க வேண்டும். சுற்றறிக்கை கேட்கிற இடத்தில் போய், இவளுக்கு இடுப்பு வலிக்கிறது என்று எழுதினால் கேலியாகப் போய்விடும்.

எடுக்க முடியாமல் இல்லை. என்னோடு படித்த செலின் ராஜாத்தி எங்கள் ஊர் ஹைகிரவுண்டில் கிளினிக் வைத்திருக்கிறாள், நல்ல கைராசிக்காரி. ஃபோனில் சொன்னதும், இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு, கூட்டிட்டு வா ஹேமா, அஞ்சு நிமிஷ வேலை என்றாள். அவள் பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான். கணக்கில் வழியை எழுத மாட்டாள், விடையை மட்டும் எழுதுவாள். நான் சொன்னேன், செலின், அதை எடுத்துவிட்டால் அப்புறம் ஆதாரம் எங்கே? கொலை நடந்த இடத்திலிருந்து கத்தியை யாராவது எடுத்துக் கழுவி வைப்பார்களா? அவள், ஒன் இஷ்டம் என்று வைத்துவிட்டாள்.

இலக்கியாவும் ஏதோ சொன்னாள். முதல்ல எடுத்திருங்க மேடம், டிஸ்சார்ஜ் சீட்டும் அட்டையும் இருந்தாப் போதும் என்றாள். சின்னப் பெண். எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, உள்ளே ஒன்றுமே இல்லையே அம்மா என்று கேட்டால் என்ன செய்வாள்? பொது விசாரணையில் எதிர்க்கட்சி வக்கீல் கிடையாது என்கிறாள். எதற்கும் நாம் தயாராக இருக்க வேண்டாமா?

மாடத்தியிடம் சொன்னேன், விசாரணை முடியட்டும், முடிந்த மறுநாள் நானே செலினிடம் கூட்டிப்போகிறேன் என்று. சரிக்கா என்றாள். முதலில் பிப்ரவரியில் வைத்திருந்தார்கள். ஹால் கிடைக்கவில்லை. தள்ளி மார்ச் முதல் வாரம். யாரோ ஒரு ரிடையர்டு நீதிபதி அம்மாவுக்குச் சௌகரியப்படவில்லை. இன்றைக்கு வந்து நிற்கிறது. என் தப்பா அது? நடுவில் வலி அதிகமான நாளெல்லாம் என் கையாலேயே மாத்திரை கொடுத்திருக்கிறேன், என் மகளுக்குக் கொடுக்கிற அதே மாத்திரை.

இரண்டு வாரமாகப் பேச்சுப் பயிற்சி வேறு. பள்ளிக்கூடத்தில் எலோக்யூஷன் போட்டியில் நான் மூன்று வருஷம் முதல் பரிசு. சமையலறையில் அவளை நிற்கவைத்து, நிமிர்ந்து நில், மூச்சை இழுத்துப் பேசு, ஜன்னல் கம்பியை நீதிபதி என்று நினைத்துக்கொள் என்றேன். என் உடல் என் உரிமை என்று ஆரம்பிக்கச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அதெல்லாம் எனக்கு வராதுக்கா, இத எடுத்துட்டாப் போதும்னு சொல்லிட்டு எறங்கிருதேன் என்கிறாள். நாலு தரம் திருத்தினேன். நாலு தரமும் அங்கேயே வந்து நிற்கிறாள். பொறுமை வேண்டாமா மனுஷிக்கு? எனக்குப் பொறுமை ரொம்பக் கிடையாது, அதுவும் உண்மைதான்.

வியாழக்கிழமை, அதாவது நாளைக்கு, செலினிடம் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். செலின் நாளைக் காலையில் கொடைக்கானல் போகிறாள், திங்கள்தான் வருவாள். எனக்கே நேற்றுத்தான் தெரியும். மாடத்தியிடம் சொல்லவில்லை. சொன்னால் மேடையில் குரல் நடுங்கும். ஒரு நாளில் உலகம் முழுகிவிடாது. சுடலைமுத்துவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நான் பேசினால் கேட்பான். கேட்காமல் எங்கே போவான்?

கோவில்பட்டி வந்துவிட்டது. பத்து நிமிஷம் நிற்பான். நீங்கள் இறங்கவில்லையா? நானும் இறங்கவில்லை, இந்த பஸ் ஸ்டாண்டு டீ வாயில் வைக்க வழங்காது. அதோ, மாடத்தி இறங்குகிறாள். பிள்ளைக்குப் பால் கரைக்க வெந்நீர் வாங்கப் போகிறாள் போலிருக்கிறது. பையையும் எதற்குத் தூக்கிக்கொண்டு போகிறாள்? டயப்பர் மாற்றுவாளாயிருக்கும்.

எங்கள் வீட்டுக்காரரா? காலையில் அவர்தான் எங்கள் இரண்டு பேரையும் காரில் பஸ் ஸ்டாண்டில் விட்டார். பேங்கில் இருந்து ரிடையர் ஆனவர். ரொம்ப நல்ல மனுஷர். சத்தமாக ஒரு வார்த்தை பேசியது கிடையாது. சாயங்காலம் வந்துருவேல்லா, ராத்திரிக்கு என்ன என்று மட்டும் கேட்டார். மோர்க்குழம்பு வைத்திருக்கிறேன், அப்பளம் பொரித்து டப்பாவில் இருக்கிறது என்றேன். மைக்ரோவேவில் எத்தனை நிமிஷம் என்றார். எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். கல்யாணமான முப்பத்திரண்டு வருஷத்தில் நான் தனியாக மதுரைக்குப் போவது இதுதான் முதல் தடவை. இதுவும் தனியாக இல்லை, மாடத்தி கூட வருகிறாள் என்பதால்தான் விட்டார். அவள் துணைக்கு நான் போகிறேன் என்று ஊர் நினைக்கிறது. உண்மையில் என் துணைக்கு அவள்.

பஸ் கிளம்பிவிட்டதே. மாடத்தி ஏறினாளா? அந்த சீட்டில் யாரோ பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர், ஏங்க, கண்டக்டர். ஊதாச் சேலைப் பெண், கைப்பிள்ளையோடு, அவள் ஏறவில்லை. நிறுத்துங்கள்.

என்ன சொல்கிறார், கேட்டீர்களா? திருநெல்வேலியிலேயே அவரிடம் சொல்லிவிட்டாளாம். மதுரைக்கு டிக்கெட் எடுத்திருக்காங்க, ஆனா நான் கோவில்பட்டில எறங்கிருவேன்ணே, பின்னால இருக்க அக்காகிட்ட பஸ் கெளம்பின பெறகு சொல்லிருங்க என்றாளாம். மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்துகொண்டு. உங்களோடு பேசிக்கொண்டிருந்ததில் நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

இருங்கள். ஃபோன் போடுகிறேன்.

பஸ் சத்தத்தில் உங்களுக்குக் கேட்டிருக்காது. ஃபோனை எடுத்துவிட்டாள், அந்த மட்டும் சரி. கோவில்பட்டியில் சித்தி மகள் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாளாம். அங்கே இருக்கிற டாக்டரம்மாவிடம் போன வாரமே பேசி வைத்துவிட்டார்களாம். "கோவப்படாதீங்கக்கா, புருஷன் கையெழுத்தெல்லாம் கேக்கலையாம். டாக்டரம்மா பன்னெண்டு மணிக்குள்ள வரச் சொல்லியிருக்காங்க" என்கிறாள். போன வாரமே. போன வாரம் முழுக்க என் சமையலறையில் நின்று, மூச்சை இழுத்து, என் உடல் என் உரிமை சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் விடவில்லை. ஏண்டி, இவ்வளவு நாள் பொறுத்தவள் இன்னும் மூன்று மணி நேரம் பொறுக்கக் கூடாதா, இது உன் ஒருத்தி விஷயமா, எத்தனை ஆயிரம் பெண்களுக்காகப் போகிறோம் என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னாள்.

"ஆயிரம் பேருக்குன்னா சரிதாங்க்கா. ஆனா அது எனக்குள்ளல்லா இருக்கு."

வைத்துவிட்டாள். வேலைக்கு இருக்கிறவர்கள் யாரும் இதுவரை என்னிடம் முதலில் ஃபோனை வைத்ததில்லை.

எனக்குக் கோபம் இல்லை. நான் ஏன் கோபப்பட வேண்டும்? நன்றாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமை புருஷனோடு சாஸ்தா கோயிலில் பொங்கல் வைக்கட்டும். ஆனால் நான் இந்த நாலு பக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அந்த மேடையில் போய், வருகிறேன் என்று சொன்னவள் வழியில் இறங்கிவிட்டாள் என்றா சொல்வது? திரும்பிப் போனால் இவர், என்ன, அதுக்குள்ள வந்துட்ட என்று பேப்பரை மடக்கிவிட்டுக் கேட்பார். சங்கத்தில் கேட்பார்கள். அடுத்த கூட்டத்திலிருந்து மறுபடியும் லெமன் ரைஸ்.

பாருங்கள், அழைப்பு வருகிறது. இலக்கியாதான்.

ம். எட்டாம் நம்பராம். பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுவார்களாம். வந்துகிட்டே இருக்கோம் என்று சொல்லிவிட்டேன். வாயில் அப்படித்தான் வந்தது. முகம் காட்டப் பயப்படுகிறவர்களுக்காக மேடை ஓரத்தில் ஒரு திரை கட்டியிருக்கிறார்களாம், மாடத்திக்கு வேண்டுமானால் சொல்லுங்கள் மேடம் என்றாள். வேண்டும் என்றேன்.

உங்களுக்கு மதுரையில் ஏதாவது அவசர வேலையா? இல்லை, கேட்டேன். ஒரு பத்து நிமிஷம் வந்து அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தால் போதும். யாருக்கும் முகம் தெரியாது. மனுவை நான் வாசித்துவிடுவேன். ஆமா என்று மட்டும் சொல்ல வேண்டும். இதில் பொய் ஒன்றும் இல்லையே. நடந்தது எல்லாம் நடந்ததுதானே? உட்காருகிற ஆள்தான் வேறு.

என்னது?

நானா? நான் எதற்கு? நான் உட்கார்ந்து என்னத்தைச் சொல்ல? எனக்கு யார் என்ன செய்தார்கள்?

எங்கள் காலத்தில் இதெல்லாம் கிடையாது. இரண்டாவது பெண்ணை ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தார்கள். நல்ல நர்ஸிங் ஹோம், தனி ரூம். பத்தாம் நாள் தையல் பிரிக்கிறபோது நர்ஸ் சொன்னாள், இனிமே ஒங்களுக்குக் கவலையில்லம்மா, சேத்தே முடிச்சாச்சு என்று. எதை முடித்தீர்கள் என்று கேட்டேன். அவள் முழித்தாள். சார்தான் கையெழுத்துப் போட்டாரே, உங்களுக்குத் தெரியாதா என்றாள். இவர் வெளியே வராந்தாவில் ஃப்ளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டுக் கேட்டேன். "ஒன் ஒடம்புக்குத்தான் ஹேமா. நீ மயக்கத்துல கெடந்த, யார்ட்ட கேக்க?" என்றார். நியாயம்தானே? மயக்கத்தில் கிடக்கிறவளிடம் எப்படிக் கேட்க முடியும்? ஆபரேஷனுக்கு முந்தின ஒன்பது மாதமும் நான் மயக்கத்தில் இல்லைதான். ஆனால் அது குடும்பத்துக்குள் நடந்தது. நல்லதுக்கு நடந்தது. இதையும் அதையும் ஒன்றாகப் போடாதீர்கள்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு. இன்னொரு பிள்ளை வேண்டும் என்று ஒரு நினைப்பு இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. இந்த விஷயத்தை நான் செலினிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் எதற்குச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் போய்விடுவீர்கள், அதனால் இருக்கும்.

தண்ணீர் வேண்டாம். எனக்கு ஒன்றும் இல்லை. தூசி.

திருமங்கலம் தாண்டிவிட்டதா? அப்படியென்றால் முக்கால் மணி நேரத்தில் போய்விடுவோம். எட்டாம் நம்பரைக் கூப்பிடும்போது அந்த நாற்காலி காலியாக இருந்தால் நன்றாக இருக்காது. அந்த வக்கீல் பெண் என்ன நினைப்பாள்?

திரை என்ன துணி என்று கேட்காமல் விட்டுவிட்டேன். மெல்லிசாக இருந்தால் நிழல் தெரியும். பாளையங்கோட்டையிலிருந்து யாராவது வந்திருந்தால் இந்தக் கொண்டையை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள். முப்பது வருஷமாக ஒரே கொண்டை. பின்னிவிட்டால் தெரியாது, இல்லையா?

இந்த ஃபைலைக் கொஞ்சம் பிடியுங்கள். கொண்டை ஊசி எடுக்க இரண்டு கையும் வேண்டும்.